வெள்ளைக்காரன் கல்லைக் காப்பாத்திட்டான், சரி. ஊரை?

இங்கிலாந்துக்கு ஆன்சைட் போன நம்ம ஆளுங்க எழுதற பயணப் பதிவுகள்ல ஒரு வரி தப்பாம இருக்கும். முப்பது போட்டோ, நடுவுல கொஞ்சம் எழுத்து, கடைசில அந்த வரி: "பழசை எப்படிப் பாதுகாக்கணும்னு வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கணும்யா!" உடனே பின்னூட்டத்துல நாலு பேர் வந்து "நச்", "உண்மைதான் தல", "நம்மாளுங்க எங்க திருந்தப் போறாங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. எல்லாருக்கும் திருப்தி.

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கு எதிரா எழுதறது. பொதுவாப் பேசினா யாரும் ஒத்துக்க மாட்டீங்க. அதனால ஒரே ஒரு ஊரை எடுத்துக்கறேன். நம்ம பதிவர்கள் அதிகமா சுத்திட்டு வந்து உருகி எழுதற ஊர்: விட்பி.

லீட்ஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்த ரெண்டு வருஷத்துல நாலு தடவை அங்க போயிருக்கேன். லீட்ஸ்லேர்ந்து யார்க், மால்ட்டன், பிக்கரிங் வழியா பஸ் இருக்கு. மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஹீத்தர் செடி படர்ந்த மேட்டு நிலத்தைத் தாண்டி பஸ் இறங்கும்போது, தூரத்துல வட கடலும் குன்று மேல கூரையில்லாத ஒரு மடாலயமும் தெரியும். அழகுதான். அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

எஸ்க் ஆறு ஊரை ரெண்டாப் பிரிக்குது. மேற்குக் கரை விக்டோரியா காலத்துல விடுமுறைக்கு வந்தவங்களுக்காகக் கட்டினது. கிழக்குக் கரைதான் பழைய ஊர். நடுவுல 1908ல கட்டின சுழல் பாலம், கப்பல் வந்தா பக்கவாட்டுல திரும்பி வழி விடும். பாலத்தைத் தாண்டினா கிரேப் லேன், சாண்ட்கேட், சர்ச் தெரு, அதோட கடைசில ஹென்ரியட்டா தெரு. ரெண்டு பேர் குடையோட எதிரெதிர்ல வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், அவ்வளவுதான் அகலம். தெருவிலேர்ந்து பக்கவாட்டுல ஆத்தை நோக்கி இறங்கற சந்துகளுக்கு 'யார்டு'ன்னு பேர். அதுல ஒண்ணு 'ஆர்கியுமென்ட்ஸ் யார்டு'. பதிவர்களுக்குன்னே வெச்ச பேர் மாதிரி இருக்குல்ல? :-) அங்க யாரும் சண்டை போட்டதால வந்த பேர் இல்லை. ஆர்கியுமென்ட்னு ஒரு குடும்பம் அங்க வாழ்ந்ததாம். அவங்க பேர்தான் சந்துக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கங்க, கீழே திரும்ப வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முதல்ல அந்த மடாலயம். 657ல நார்தம்பிரியா அரசன் ஆஸ்வியு ஆதரவுல தொடங்கினது. தலைமை ஹில்டுங்கற பெண்மணி. ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் ஒரே மடத்துல, அத்தனை பேருக்கும் ஒரு பெண் தலைவி. 664ல ஈஸ்டர் தேதியை எந்த முறைப்படி கணக்கிடறதுன்னு ஐரிஷ் வழிக்காரங்களுக்கும் ரோமன் வழிக்காரங்களுக்கும் நடந்த பெரிய பஞ்சாயத்து இங்கதான் நடந்தது. ரோம் பக்கம் தீர்ப்பாச்சு. அந்த மடத்துல மாடு மேய்ச்சுட்டிருந்த கேட்மன்தான் பேர் தெரிஞ்ச ஆங்கிலக் கவிஞர்கள்ல முதல் ஆள்.

இப்படிப்பட்ட இடத்தை 1539ல மூடினது யாரு? எட்டாம் ஹென்றி, அவங்க ராஜாவேதான். அப்புறம் மழையும் காத்தும் தின்ன விட்டாங்க. 1830ல நடுக்கோபுரம் இடிஞ்சு விழுந்துச்சு. 1914 டிசம்பர் 16ந்தேதி ஜெர்மன் போர்க்கப்பல்கள் குண்டு போட்டு மேற்கு முகப்பையும் பேத்துச்சு. இன்னிக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போய் நாம பாக்கறது, கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் யாரும் சீந்தாம விட்டதோட மிச்சம். அதைப் பார்த்துட்டு "எப்படிப் பாதுகாக்கறான் பாரு"ன்னு எழுதறதுக்கு முன்னால அங்க இருக்கற தகவல் பலகையையாவது படிக்கலாம் மக்களே.

அடுத்து டிராகுலா. ப்ராம் ஸ்டோக்கர் 1890ல விட்பில வந்து தங்கினார். அங்க நூலகத்துல ஒரு பழைய புத்தகத்துலதான் 'டிராகுலா'ங்கற பேரைப் பார்த்தார். 1885ல டிமிட்ரின்னு ஒரு ரஷ்யக் கப்பல் அங்க கரை தட்டின கதையையும் கேட்டு வெச்சுக்கிட்டார். 1897ல நாவல் வந்தது. அதுல கரை தட்டற கப்பல்லேர்ந்து பெரிய நாய் ஒண்ணு குதிச்சு கிழக்குக் குன்று பக்கமா ஓடும். இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா 199 படி ஏறி செயின்ட் மேரி சர்ச்சுக்கு வர்ற ஜனம் முதல்ல கேக்கற கேள்வி, "டிராகுலா கல்லறை எங்க?" கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், டிராகுலாவோட கல்லறை எங்கன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, அப்படி ஒண்ணு இல்லைன்னு சர்ச்சுல அறிவிப்பே வெச்சுட்டாங்க.

கவனிங்க. அந்தக் கல்லறைத் தோட்டத்துல நிஜமாவே புதைஞ்சு கிடக்கறது மாலுமிகள், மீனவர்கள், அவங்க பெண்டாட்டி பிள்ளைகள். அந்த 199 படியில அங்கங்க அகலமா பெஞ்சு போட்டிருக்காங்களே, அது நாம செல்ஃபி எடுக்கப் போட்டதில்லை. சவப்பெட்டி தூக்கிட்டு ஏறினவங்க இறக்கி வெச்சு மூச்சு வாங்கப் போட்டது. இல்லாத ஒருத்தனோட கல்லறையைத் தேடற கூட்டம், இருந்தவங்க கல்லறையை மிதிச்சுக்கிட்டுப் போகுது.

இருந்தவங்கன்னா யாரு? கொஞ்சம் சொல்றேன். 1746ல ஜான் வாக்கர்ங்கற கப்பல் முதலாளிகிட்ட பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு பையன், கிரேப் லேன்ல அவர் வீட்டு மாடியறையில தங்கிப் படிச்சான். பேர் ஜேம்ஸ் குக். பின்னாடி கேப்டன் குக். அவர் உலகம் சுத்தின எண்டெவர், 1764ல விட்பில கட்டின நிலக்கரிக் கப்பல். அப்ப அதோட பேர் 'எர்ல் ஆஃப் பெம்ப்ரோக்'. அப்புறம் போன ரெசல்யூஷன், அட்வெஞ்சர், டிஸ்கவரி மூணும் விட்பி தச்சன் கைதான். 1861ல கணவர் செத்த துக்கத்துல விக்டோரியா ராணி கறுப்பு உடுத்த, நாடே கறுப்பு நகை கேட்டுச்சு. கோடிக்கணக்கான வருஷம் மண்ணுல இறுகின மரமான ஜெட் கல்லை வெட்டி நகை செய்யறதுல, உச்சத்துல இந்தச் சின்ன ஊர்ல ஆயிரம் பேருக்கு மேல வேலை செஞ்சாங்க. ஹென்ரியட்டா தெருவுல 1872லேர்ந்து ஒரே குடும்பம் ஹெர்ரிங் மீனைப் பிளந்து புகை போட்டு விக்குது. தெருவே மணக்கும்.

ஃப்ராங்க் மெடோ சட்க்ளிஃப்னு ஒரு போட்டோகிராஃபர் (1853-1941). ஆத்தங்கரைப் பொடியன்கள், வலை பின்ற பெண்கள், சுவத்துல சாஞ்சு நிக்கற கிழவர்கள்னு இந்தப் பழைய ஊரை ஆயுசு பூரா எடுத்துத் தள்ளினவர். அந்தப் படங்களைப் பார்த்துட்டு அதே இடத்துல போய் நில்லுங்க. நிறைய இடம் அடையாளம் தெரியும். அந்த வகையில பாதுகாப்பு அபாரம்தான், ஒத்துக்கறேன். ஆனா படத்துல இருக்கற ஒரு விஷயம் இப்ப இல்லை. ஆளுங்க.

நம்ம பதிவர்கள் எல்லாரும் ஜூலை, ஆகஸ்ட்ல போறதால இது தெரியறதில்லை. அப்ப தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. ஒரு நவம்பர் மாசம், செவ்வாய்க்கிழமையாப் போய்ப் பாருங்க. நான் போனேன். நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். ஹென்ரியட்டா தெரு முழுக்க நடந்தேன். விளக்கு எரிஞ்ச ஜன்னலை எண்ண ஒரு கை விரலே போதும். மிச்சக் கதவுகள்ல பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி, நம்பர் அமுக்கினா திறக்கும், உள்ளே சாவி. வாடகைக்கு வர்றவங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாக்காமலே வந்து தங்கிட்டுப் போக வசதி. கதவு மேல அழகான பேர்ப்பலகை: 'கடற்காகம் குடில்', 'நங்கூரம் குடில்' டைப்ல. கதவுக்குப் புது பெயின்ட். உள்ளே ஈ, காக்கா இல்லை.

பாலத்துப் பக்கம் ஒரு கடையில டீ வாங்கும்போது அந்த அம்மாகிட்ட கேட்டேன். யார்க்‌ஷையர்ல முன்பின் தெரியாதவனையும் 'லவ்'னுதான் கூப்பிடுவாங்க. "எங்க சந்துல பக்கத்து வீட்டுக்காரங்க வாராவாரம் மாறுவாங்க, லவ். சனிக்கிழமை காலைல பெட்ஷீட் மூட்டையோட வேன் வந்தா, புதுசா யாரோ வர்றாங்கன்னு அர்த்தம்"னாங்க. அவங்க பொண்ணு விட்பியிலதான் வேலை பார்க்குது. குடியிருக்கறது மிடில்ஸ்பரோ பக்கம். விட்பில வாடகைக்கு வீடு கிடைக்கலை, கிடைச்சது கட்டுப்படியாகலை.

இதுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அங்கதான் இருக்கு விஷயமே. பட்டியலிட்ட கட்டடம்னா அங்க சட்டம் ரொம்பக் கறார். 1947லேர்ந்து வளர்ந்து வர்ற சட்டம். 1967லேர்ந்து தனிக் கட்டடம் மட்டுமில்லாம முழுத் தெருவையே பாதுகாப்புப் பகுதியா அறிவிக்கலாம். இஷ்டத்துக்கு ஜன்னலை மாத்த முடியாது, கூரை ஓட்டை மாத்த முடியாது. அனுமதி வாங்காம கை வெச்சா கோர்ட்டு வரை போகும். ஜன்னல் மரமா பிளாஸ்டிக்கான்னு கேக்கற சட்டம், அந்த ஜன்னலுக்குப் பின்னால விளக்கு எரியுதான்னு மட்டும் கேக்கறதில்லை. வருஷத்துல முன்னூறு நாள் பூட்டிக் கிடந்தாலும் அந்த வீடு 'பாதுகாக்கப்பட்ட' வீடுதான்.

சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில சொல்லணும்னா, டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், யூசர்தான் யாரும் இல்லை.

சரி, வரியாவது போடறாங்களா? இதைக் கேளுங்க. இங்கிலாந்துல குடியிருக்கற வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் கட்டணும். ஆனா வீட்டை விடுமுறை வாடகைக்கு விடற தொழில்னு பதிஞ்சுக்கிட்டா அது வணிக வரிக்கு மாறிடும். 2023 ஏப்ரல்லேர்ந்து விதி என்னன்னா, வருஷத்துல 140 ராத்திரி வாடகைக்குத் தயாரா இருக்கணும், அதுல 70 ராத்திரியாவது நிஜமாவே ஆள் தங்கியிருக்கணும். அந்த வணிக வரியில சின்னத் தொழிலுக்குச் சலுகை உண்டு. வரி மதிப்பு 12,000 பவுண்டைத் தாண்டாத ஒரே ஒரு சொத்துன்னா மொத்தமாத் தள்ளுபடி. பழைய ஊர் மீனவர் குடில் ரெண்டு அறைதான். அப்ப கட்ட வேண்டிய வரி? பூஜ்யமாகவே ஆகலாம். அதே சந்துல குடியிருக்கற டீக்கடை அம்மா மட்டும் மாசாமாசம் கவுன்சில் டாக்ஸ் கட்டணும். குப்பை வண்டி என்னவோ ரெண்டு வீட்டுக்கும் முன்னாடிதான் வருது.

ரயிலையும் பாருங்க. 1965ல விட்பிலேர்ந்து ஸ்கார்பரோ போற பாதையையும், பிக்கரிங் வழியா மால்ட்டன் போற பாதையையும் நஷ்டம்னு சொல்லி மூடினாங்க. மிச்சம் மிடில்ஸ்பரோ போற எஸ்க் பள்ளத்தாக்குப் பாதை, அதுலயும் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். மூடின பிக்கரிங் பாதையில இப்ப என்ன ஓடுது தெரியுமா? சுற்றுலாப் பயணிகளுக்காக நீராவி ரயில். பழைய பெட்டி, பளபளக்கற பித்தளை. அதை மீட்டு ஓட்டற தன்னார்வலர்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நடந்ததைப் பாருங்க. ஊர்க்காரன் வேலைக்குப் போக ரயில் இல்லைன்னாங்க. நாம போட்டோ எடுக்க ரயில் வந்துடுச்சு.

"ஊர்க்காரங்களே சும்மா இருக்காங்க, உனக்கென்னய்யா"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். அவங்க சும்மா இல்லை. 2022 ஜூன் 13ந்தேதி விட்பில ஊர் வாக்கெடுப்பு நடந்தது. இனிமே கட்டற வீடுகளை முழுநேரமாக் குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் கொடுக்கணுமா, வேணாமான்னு கேள்வி. ஆதரவு 2,228. எதிர்ப்பு 157. நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு பேர் ஒரே பக்கம். சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஊர் தன் மனசைச் சொல்லிச்சு, அவ்வளவுதான். அப்புறம் 2025 ஏப்ரல் 1லேர்ந்து வடக்கு யார்க்‌ஷையர் கவுன்சில் ரெண்டாவது வீடு வெச்சிருக்கறவங்களுக்கு கவுன்சில் டாக்ஸை ரெட்டிப்பாக்கிச்சு. நல்லதுதான். ஆனா மேலே சொன்ன வணிக வரி வாசல் திறந்திருக்கற வரைக்கும், கெட்டிக்காரங்க அந்த வழியா வெளியே போகலாம்.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்த வாக்கெடுப்பு கேட்டது புது வீடுகளைப் பத்தி. பழைய ஊர்ல புது வீடு கட்ட ஏது இடம்? கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ்ங்கற கடற்கரை ஊர் 2016லயே இதே மாதிரி வாக்கெடுத்து விதியாவே கொண்டு வந்துச்சு. புது வீடு வாங்க முடியாத பணக்காரங்க பழைய வீடுகள் பக்கம் திரும்பினாங்கன்னு பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாடி சொன்னாங்க. அதாவது ஊரைக் காப்பாத்தப் போட்ட வேலி, பழைய தெருவை வேலிக்கு வெளியே விட்டுடுச்சு. நாம கைதட்டற அதே பழைய தெருவை.

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துடலாம். "மீன்பிடி சுருங்கிடுச்சு, கப்பல் கட்டறது போச்சு, ஜெட் நகை ஃபேஷன் போச்சு. டூரிஸ்ட் காசு இல்லைன்னா அந்த வீடெல்லாம் எப்பவோ இடிஞ்சிருக்கும்." பாதி உண்மை. வெளியூர் காசு வந்துதான் பல கூரை நிக்குது. நான் டூரிஸ்டே வரக்கூடாதுன்னு சொல்லலை. ஹோட்டல் இருக்கட்டும், அறை வாடகைக்கு விடற ஊர்க்காரங்க இருக்கட்டும், காலைல பஸ்ல வந்து சாயங்காலம் போறவங்க வரட்டும். ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டைக் காலி சாமானா ஆக்கறதுதான் தகராறு. அந்த டூரிஸ்ட் காசை வாங்கிக் கல்லாவுல போடறதுக்கே ஆள் வேணுமே. மீன் வறுக்க, கப் கழுவ, பெட்ஷீட் மாத்த, உயிர்காப்புப் படகுல ஏற... அவங்க எங்க படுத்துத் தூங்குவாங்க?

படகுன்னு சும்மா சொல்லலை. அந்தக் கடற்கரையில உயிர்காப்புப் படகுல பெரும்பாலும் போறது சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பேஜர் அடிச்சா சில நிமிஷத்துல ஓடி வரணும். துறைமுகத்துக்குப் பக்கத்துல குடியிருந்தாத்தானே ஓடி வர முடியும்? 'நங்கூரம் குடில்'ல வார விடுமுறைக்கு வந்தவரா புயல்ல கடலுக்குப் போவார்?

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னா, அந்த ஒரு வரி அங்கேயே நிக்கறதில்லை. நாம அதை மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டு வர்றோம். "அவங்க மாதிரி பாதுகாக்கணும்"னு சொன்னா என்ன அர்த்தம்? சுவத்துக்கு வெள்ளையடி, பலகை மாட்டு, டிக்கெட் போடு, வீட்டை பாரம்பரிய விடுதியா மாத்து, குடியிருந்தவனை பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பு. அப்புறம் காலித் தெருவுல நின்னு "ஆஹா, என்ன அமைதி!"ன்னு பதிவு போடு. அந்த அமைதிக்கு வேற பேர் இருக்கு மக்களே. ஆள் இல்லாத வீட்டுல அப்படித்தான் அமைதியா இருக்கும்.

ஆர்கியுமென்ட்ஸ் யார்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே. ஒரு குடும்பம் பல காலம் ஒரே சந்துல வாழ்ந்தா அந்தச் சந்து அவங்க பேரை எடுத்துக்கும். பழைய ஊர்ங்கறது அப்படித்தான் உருவாச்சு. மூணு ராத்திரி தங்கற ஆள் பேரை எந்தச் சந்தும் எடுத்துக்காது. அந்தப் பெயர்ப்பலகையைப் பத்திரமா வெச்சிருக்காங்க. அப்படி இன்னொரு பேர் வர்றதுக்கான வழியைத்தான் விட்டுட்டாங்க.

அதனால அடுத்த தடவை நீங்க விட்பிக்கோ, அது மாதிரி வேற பழைய கடற்கரை ஊருக்கோ போனா, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மடாலயத்தைப் பாருங்க, 199 படியையும் எண்ணுங்க, புகை போட்ட மீனை வாங்கித் தின்னுங்க. இருட்டினதும் பழைய தெருவுல ஒரு நடை போயி எத்தனை ஜன்னல்ல விளக்கு எரியுதுன்னு பாருங்க. போட்டோவோட அந்தக் கணக்கையும் பதிவுல போடுங்க. "வெள்ளைக்காரன் எப்படிப் பாதுகாக்கறான் பாரு"ங்கற வரி அதுக்கப்புறமும் உங்களுக்கு எழுத வந்தா, தாராளமா எழுதுங்க.

டிஸ்கி: இந்தியாவுல எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொன்னதா யாரும் பின்னூட்டம் போட வேணாம். அப்படி ஒரு வரி மேலே இல்லை, திரும்பப் படிச்சுக்கலாம் :-) மாத்துக் கருத்து இருந்தா கண்டிப்பா எழுதுங்க. 'நச்'னு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க, ப்ளீஸ்.